உலகத்துக்கே வழி சொன்ன தானியேல்

நம் ஊர்ப் பக்கம் வழிசொல்லி என்று ஓர் உயிரினம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பஸ் நிலையத்து வாசலிலும், டீக்கடை பெஞ்சிலும், ரயிலில் ஜன்னலோரத்திலும், கல்யாணப் பந்தியில் உங்களுக்கு எதிர் இலையிலும் அது வாழும். எந்த வெயிலையும் தாங்கும். யாராவது கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு, கடைப் பலகைகளை அண்ணாந்து படித்துக்கொண்டு, இந்தப் பக்கம் நாலடியும் அந்தப் பக்கம் நாலடியும் நடந்தால் போதும். எங்கிருந்தோ வந்து, சீட்டைத் தானே வாங்கி, கண்ணைச் சுருக்கிப் படித்து, தொண்டையைக் கனைத்து, கையை நீட்டிவிடும். அதனிடம் யாரும் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதற்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அறவே இல்லை.

தூரத்துக்கு இந்த இனம் வைத்திருக்கும் அளவு ஒன்றே ஒன்றுதான். 'பக்கத்துலதான்.' அடுத்த தெருவும் பக்கத்தில்தான், அடுத்த மாவட்டமும் பக்கத்தில்தான். இதன் அகராதியில் இல்லாத ஒரே சொல் 'தெரியாது'.

வழிசொல்லிகளில் பல ரகம் பார்த்திருக்கிறேன். ஆனால் தானியேலைப் போல ஒருவர் இல்லை. மற்றவர்கள் தெருவுக்கு வழி சொன்னார்கள், ஊருக்கு வழி சொன்னார்கள். தானியேல் ஒரு காலத்தில் ஜெர்மனிக்காரர்களுக்கும் அமெரிக்கக்காரர்களுக்கும், ஒரே நேரத்தில், ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு வழி சொன்னார். அந்தக் கதைதான் இது.

தானியேலுக்கு வீடு வேலூரை ஒட்டிய சத்துவாச்சாரியில். தொண்ணூறுகளில் வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று பெற்றோர்கள் அவரிடம் வந்து கேட்பார்கள். தானியேல் ஒரு நொடி கூட யோசித்ததில்லை. அவர் கைகாட்டிய கணினி மொழியைப் படித்து முடித்துச் சிலர் வெளியே வந்தபோது, அந்த மொழி உலகத்தில் ஓய்வு பெற்றுவிட்டிருந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஏனென்றால் அவருக்கு அது தெரியவே தெரியாது. வழி சொன்னதோடு வழிசொல்லியின் கடமை முடிந்துவிடுகிறது. போனவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று திரும்பிப் பார்ப்பது அந்த இனத்தின் பழக்கம் அல்ல.

அவர் மனைவி இவாஞ்சலின் வேலூரில் நர்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தபோது, வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மருந்துச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தது. அப்பா, அம்மா, போர்வை போர்த்திய ஒரு பெண். தானியேல் சீட்டை வாங்கினார்.

"சீதா ஜாவோ. பாஸ் மே ஹை. பெரிய மெடிக்கல்," என்றார், தனக்குத் தெரிந்த இந்தியில்; நேரே போங்கள், பக்கத்தில்தான் என்று அர்த்தம்.

அவர்கள் கும்பிட்டுவிட்டு நடந்தார்கள். இவாஞ்சலின் சொன்னார்:

"ஏங்க, அந்த மெடிக்கலத்தான் எப்பவோ மூடிட்டாங்களே."

"கடை அங்கதானே இருக்குது?"

"இருக்குது. ஷட்டர் போட்டு இருக்குது."

"மருந்துக் கடை எங்க இருக்குதுன்னுதானே கேட்டாங்க? தெறந்திருக்குதான்னா கேட்டாங்க?"

இவாஞ்சலின் செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்தின் பின்னால் வேகமாக நடந்தார், வேறு கடைக்குக் கூட்டிப் போக. தானியேல் அங்கேயே நின்று, ராணிப்பேட்டைக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று யாரையோ பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூர அவருக்கு ஒரு பயம் இருந்தது. ஒரு தடவை 'தெரியாது' என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை யாரும் தன்னிடம் கேட்கமாட்டார்கள் என்கிற பயம். யாரும் எதுவும் கேட்காத ஒரு தானியேலை அவரால் கற்பனை செய்து பார்க்க முடியவில்லை. அப்படி ஒரு ஆள் பஸ் நிலையத்தில் எதற்கு நிற்க வேண்டும்?

இரண்டாயிரத்துக்குப் பிறகு அவருக்கு ஆம்பூரில் வேலை கிடைத்தது. இஷ்தியாக் அகமது என்பவரின் ஷூ கம்பெனி. வெளிநாட்டுக்கு மட்டும் செய்கிற கம்பெனி. தானியேல் அங்கே சிஸ்டம்ஸ் மேனேஜர். காலையில் கம்பெனி வேன் சத்துவாச்சாரியில் ஹைவேயில் வந்து நிற்கும். வேனை ஓட்டும் மஹபூப் பாஷா அந்த ரோட்டில் தலை நரைத்தவர். ஹைவேயை அகலப்படுத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அங்கங்கே மண்ணைக் கொட்டிப் பாதையைத் திருப்பியிருப்பார்கள். தானியேல் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, ஆம்பூர் வரும்வரை வழி சொல்வார்.

"லெஃப்ட்ல எடுங்க பாய். லெஃப்ட்டு."

"லெஃப்ட்ல பள்ளம் சார்."

"நேத்து இல்லியே?"

"நேத்து நீங்க லீவு."

இதற்கெல்லாம் அசருகிறவரா அவர்? மாதனூர் வருவதற்குள் இன்னொரு கையை நீட்டியிருப்பார்.

சரி, கம்பெனிக்கு வருவோம். புது மாடல் ஷூக்களின் படங்கள், தோலின் நிறங்கள், தையல் விவரங்கள் எல்லாவற்றையும் கம்பெனி தன் வெப்சைட்டில் போட்டு வைக்கும். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கிற வியாபாரிகள் அதைத் திறந்து பார்த்து, இது வேண்டும், அது வேண்டாம், இதில் குதிகாலைக் கொஞ்சம் குறை என்று சொல்வார்கள். வெப்சைட் இருந்த கம்ப்யூட்டர் மெட்ராஸில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தது. அங்கிருந்து ஜெர்மனிக்குப் படம் போய்ச் சேர்வதற்குள், ஹெல்கா என்கிற ஜெர்மன் வியாபாரி அம்மாள் காபி போட்டுக் குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிடுவாராம். அவரே போனில் சொன்னது. போனில் அதைக் கேட்டவர் ஆஃப்ரீன். ஆம்பூர்ப் பெண், வெளிநாட்டு வியாபாரிகளோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. ஆஃப்ரீன் போய் இஷ்தியாக் அகமதுவிடம் சொல்ல, அவர் தானியேலைக் கூப்பிட்டார்.

தானியேல் தயாராக வந்திருந்தார்.

"பாய், நம்ம வெப்சைட்டை மூணு எடத்துல வச்சிடலாம். மெட்ராஸ்ல ஒண்ணு, ஜெர்மனில ஒண்ணு, அமெரிக்கால ஒண்ணு. மூணுலயும் ஒரே படம், ஒரே விவரம்."

"அப்ப பேரும் மூணா?"

"பேர் ஒண்ணுதான் பாய். அங்கதான் விஷயம். நாம பேரை அடிக்கறோம். ஆனா கம்ப்யூட்டருக்குப் பேர் புரியாது, நம்பர்தான் புரியும். நடுவுல டி.என்.எஸ்.ஸுன்னு ஒண்ணு இருக்குது. இந்தப் பேர் எங்கன்னு அதுகிட்ட கேட்டா, இந்த நம்பருக்குப் போன்னு சொல்லும். இதுவரைக்கும் யார் கேட்டாலும் மெட்ராஸ் நம்பரையே சொல்லிட்டு இருந்துச்சு. இனிமே கேக்கறவன் ஜெர்மனின்னா ஜெர்மனி நம்பர். அமெரிக்கான்னா அமெரிக்கா நம்பர். அவனவனுக்கு எது பக்கமோ, அங்க அனுப்பிடலாம்."

"அரே, அவன் எங்கேர்ந்து கேக்கறான்னு எப்படித் தெரியும்?"

"கேக்கறவனுக்கும் ஒரு நம்பர் இருக்குது பாய். அதை வச்சே எந்த ஊர்னு தெரிஞ்சிடும்."

இஷ்தியாக் அகமது தாடியைத் தடவினார். "நல்லா இருக்குதே. செய்ங்க."

அன்றைக்குத் தானியேல் தன் நாற்காலிக்குத் திரும்பியபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. யோசித்துப் பாருங்கள். உலகத்தின் எந்த மூலையில் யார் கம்பெனிப் பேரை அடித்தாலும், அவர் எழுதி வைத்த பதில்தான் அவர்களைக் கைபிடித்து அனுப்பப் போகிறது. கேட்டவர்களின் முகம் தெரியாது. ஆனால் ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டுதான் ஆகவேண்டும். ஒரு வழிசொல்லிக்கு இதைவிடப் பெரிய பதவி எந்த நாட்டில் இருக்கிறது?

டி.என்.எஸ். சொல்லவேண்டிய அந்தப் பதில்களை, அதாவது ரெக்கார்டுகளை, எழுதுகிற பக்கத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி: ஆட்களை அனுப்பும் இடம் உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது தட்டிப் பார்க்கவா, பதில் இல்லையென்றால் அதற்கு அடுத்த பக்கத்து இடத்துக்கு அனுப்பவா? தானியேல் 'வேண்டாம்' என்று வைத்தார். இரண்டாவது கேள்வி: நீங்கள் சொல்லும் பதிலைக் கேட்டவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி கேட்காமல் இருக்கலாம்? சில நிமிடங்கள் என்றும் வைக்கலாம், நாட்கணக்கிலும் வைக்கலாம். தானியேல் இரண்டு நாள் என்று போட்டார். நிமிஷத்துக்கு நிமிஷம் மாற்றிச் சொல்கிறவனை யார் மதிப்பார்கள்?

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆஃப்ரீன் கேட்டார்: "சார், ஜெர்மனில இருக்கறது படுத்துடுச்சுன்னா?"

"எதுக்குமா படுக்குது? ஜெர்மன்காரன் பில்டிங். நம்ம ஊர் மாதிரி கரண்ட் போவுமா?"

"இல்ல சார், ஒருவேளை..."

"ஆஃப்ரீன், வழி கரெக்டா இருந்தா போதும். மத்தது தானா நடக்கும்."

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. ஹெல்காவின் படங்கள் பளிச் பளிச்சென்று வந்தன. காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று ஆஃப்ரீனிடம் சொல்லிச் சிரித்தார். ஒரே ஒரு புகார் வந்தது, அதுவும் பக்கத்து ஊரிலிருந்து. ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ரசாயனம் விற்கிற கம்பெனியில் சீனிவாசன் என்று ஒரு மேனேஜர், தோல் விவரங்களுக்காக அந்த வெப்சைட்டைப் பார்க்கிறவர்.

"தம்பி, உங்க சைட்டு முன்னெல்லாம் டக்குனு வரும். இப்ப இன்னா இப்படி இழுக்குது? ஒரே பேஜாரா இருக்குது."

"நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல சார். உங்க பக்கம் பாருங்க."

இந்த வாக்கியத்தை நன்றாகக் கவனியுங்கள். 'பக்கத்துலதான்' என்பது வழிசொல்லியின் வாளென்றால், 'நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல' என்பது கேடயம். உண்மையில் நடந்தது இதுதான்: சீனிவாசனின் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் அமெரிக்காவில். ராணிப்பேட்டையில் அவர் எந்தப் பேரை அடித்தாலும், 'இது எங்கே' என்ற கேள்வி அந்தத் தலைமை அலுவலகத்தின் வழியாகத்தான் வெளியே வரும். கேட்கிறவர் அமெரிக்கர் என்று எண்ணி, தானியேலின் ரெக்கார்டு அவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடுகிற தூரத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, அந்த மனிதர் தினமும் கடலைத் தாண்டி ஷூ பார்த்துக்கொண்டிருந்தார். தானியேல் இதைத் தேடிப் பார்க்கவில்லை. சீனிவாசனும் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு அந்தப் பங்குனி வந்தது.

குளிர்கால பூட்ஸ் ஆர்டரை ஜெர்மன்காரர்கள் நம் வெயில் காலத்தில்தான் முடிவு செய்வார்கள். ஹெல்கா தன் ஆட்களை எல்லாம் ஓர் அறையில் கூட்டி, எந்த மாடலை எந்த நாட்டுக் கம்பெனியிடம் வாங்குவது என்று ஒரே நாளில் தீர்த்துவிடுவார். அந்த வருஷம் ஆம்பூரில் அந்த ஆர்டரை நம்பி நிறையப் பேர் இருந்தார்கள். பழைய ஆர்டர் முடிந்து, ஷூவின் மேல்தோலைத் தைக்கும் பெண்களில் பாதிப் பேரை 'சொல்லி அனுப்பறோம், அப்ப வாங்க' என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களில் தில்ஷாத் என்பவர் ஆஃப்ரீனின் தெருக்காரர். காலையில் ஆஃப்ரீன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, 'இன்னிக்குதானே சொல்வாங்க?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவர்களுக்குக் காலை. ஆஃப்ரீனின் போன் அடித்தது. ஹெல்கா. பக்கம் திறக்கவில்லை, வெறும் வெள்ளையாக நிற்கிறது, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்.

ஆஃப்ரீன் தானியேலைக் கூப்பிட்டார். தானியேல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டே வந்தார்.

"பாருமா. ஜம்முனு தெறக்குது."

"இங்க தெறக்குது சார். அங்க தெறக்கலியாம்."

"அப்ப நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல." போனை வாங்கினார். தன் ஆங்கிலத்தில் அம்மாளுக்குத் தெளிவாகச் சொன்னார்: எங்கள் பக்கம் எல்லாம் பிரமாதம், உங்கள் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள்.

ஹெல்கா அணைத்துப் போட்டார். திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரும் அணைத்துப் போடட்டும் என்றார் தானியேல். அவரும் போட்டார். ஒயரைப் பிடுங்கிச் சொருகச் சொன்னார். சொருகினார்கள். ஜெர்மனியில் ஒரு அறை நிறைய பெரிய மனிதர்கள் ஆம்பூர் சொன்னபடி எழுந்து, குனிந்து, மேசைக்கடியில் நுழைந்து, வெளியே வந்து உட்கார்ந்தார்கள். இன்னொரு ஊரிலிருக்கும் தங்கள் கிளையையும் கேட்டுப் பார்த்தோம், அங்கேயும் திறக்கவில்லை என்றார் ஹெல்கா. அப்புறம் குரலை உயர்த்தாமல், கோபமும் இல்லாமல் ஒன்று சொன்னார். இன்னொரு நாட்டுக் கம்பெனியின் பூட்ஸ்கள் எதிரே மேசைமேலேயே இருக்கின்றன. எங்கள் ஊர் மதியத்துக்குள் ஆம்பூர்ப் படங்கள் வரவில்லையென்றால், மேசைமேல் இருப்பவற்றை வைத்து முடித்துக்கொள்வோம்.

ஆஃப்ரீன் போனை வைத்தார். "சார்."

"அவங்க நெட்டுல ஏதோ..."

"ரெண்டு ஊர்லயுமா சார்?" ஆஃப்ரீனின் குரல் உடைந்தது. "நான் போய் தில்ஷாத் அக்காகிட்ட இன்னா சொல்வேன்? நம்ம பக்கம் ஒண்ணும் இல்லன்னா?"

தானியேல் லேப்டாப்பை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போனார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அப்படியும் சட்டை முதுகில் ஒட்டியது. ஜெர்மனி டேட்டா சென்டரின் போன் நம்பர் அவரிடம் இருந்தது. வாங்கிய நாள் முதல் ஒரு தடவை கூட அந்த நம்பரை அவர் அழுத்தியதில்லை. இவர் சொல்கிறவர். கேட்கிற பக்கம் நின்று பழக்கம் இல்லை. ரிசீவரை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

அந்த முனையில் ஒரு இளைஞன் குரல். தானியேல் தன் கம்பெனிப் பேரைச் சொல்லி, சர்வர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை, என்றான் அவன். காலையில் மின்சார அறையில் தீப்பிடித்தது. கட்டிடம் முழுக்க இருட்டு.

"எப்ப சரியாவும்?"

"தெரியாது," என்றான் அந்த ஜெர்மன் பையன்.

தானியேல் காத்திருந்தார். அதற்குப் பிறகு ஏதாவது வரும் என்று நினைத்தார். 'ஆனா பக்கத்துல இன்னொரு பில்டிங் இருக்குது' என்றோ, 'நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க' என்றோ. ஒன்றும் வரவில்லை. அவன் தெரியாது என்று சொல்லிவிட்டு, வெட்கப்படாமல், இருமாமல், வேறு ஏதாவது தெரியவேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். தானியேல் நன்றி சொல்லி வைத்தார். ஒரு மனிதன் இப்படிச் சொல்லிவிட்டு வேலையிலும் இருக்க முடிகிறது!

பிறகு கைகள் வேகமாக ஓடின. ஜெர்மனி நம்பரை ரெக்கார்டிலிருந்து எடுத்தார். இனிமேல் ஜெர்மன்காரர் யார் புதிதாகக் கேட்டாலும் மெட்ராஸ் நம்பர் போகும். ஆனால் ஹெல்காவின் அலுவலகம் புதிதாகக் கேட்டால்தானே? காலையில் கேட்ட பதிலை அது ஞாபகமாக வைத்திருந்தது. இரண்டு நாள் வைத்துக்கொள் என்று சொன்னவரே இவர்தான். சொல்லைத் திரும்ப வாங்க அவரிடம் எந்தப் பட்டனும் இல்லை. ஊர் ஊராக ஓடி, 'நான் காலையில சொன்னதை மறந்துடுங்க' என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரின் காதிலும் சொல்ல முடியுமா?

நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது தோன்றியது. பழைய பேரைக் கேட்டால்தான் பழைய பதில் வரும். இதுவரை உலகத்தில் யாருமே கேட்டிராத பேர் ஒன்றைக் கேட்டால்? அந்தப் பேருக்கு யாரிடமும் தப்பான பதில் இருக்காது. புதிதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவசரத்தில் வேறு பேர் கிடைக்கவில்லை. கம்பெனிப் பேருக்கு முன்னால் 'ஹெல்கா' என்று சேர்த்து ஒரு புது ரெக்கார்டு எழுதி, மெட்ராஸ் நம்பரைக் கொடுத்தார்.

ஆஃப்ரீனின் மேசைக்கு ஓடினார். ஓடினார் என்றால் நிஜமாகவே ஓடினார். வழியில் ஒரு அட்டைப்பெட்டி அடுக்கு சரிந்தது.

"போன் போடுமா."

ஹெல்கா எடுத்ததும் தானியேல் போனை வாங்கினார். சொன்னார்: "மேடம், மிஸ்டேக் இஸ் மைன். நான் உங்கள மூடின எடத்துக்கு அனுப்பிட்டேன்." இரண்டாவது வாக்கியம் பதற்றத்தில் தமிழில் வந்துவிட்டது. ஆஃப்ரீன் பக்கத்தில் குனிந்து அதை ஆங்கிலத்தில் சொன்னார். தானியேல் புதுப் பேரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். தன் பேரே ஆரம்பத்தில் வருவதைக் கேட்டு ஹெல்கா ஒரு கணம் நிறுத்தி, இது என்ன விளையாட்டா என்றார். இல்லை மேடம், அடியுங்கள் என்றார் தானியேல்.

போனை அவர் வைக்கவில்லை. இது சாதாரண விஷயம் அல்ல. வழி சொல்லிவிட்டு, போனவர் போய்ச் சேர்ந்தாரா என்று தானியேல் காத்திருந்தது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. யாரோ ஜெர்மனில் பேசினார்கள். நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"வருகிறது," என்றார் ஹெல்கா. "மெதுவாக. ஒரு பூட்ஸின் பாதி தெரிகிறது."

"இன்னொரு பாதியும் வரும் மேடம். நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தார். மெட்ராஸிலிருந்து ஒவ்வொரு படமாகக் கடல் தாண்டிப் போய்ச் சேரும்வரை இருந்தார். காது சூடாகிச் சிவந்துவிட்டது. ஆஃப்ரீன் தன் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். அவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார்.

ஹெல்கா ஏறக்குறைய எல்லா மாடல்களையும் எடுத்துக்கொண்டார். ஒன்றை மட்டும், பக்கிள் பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டார். அன்று சாயங்காலமே தில்ஷாத்துக்கு ஆஃப்ரீன் போன் போட்டுச் சொன்னார். அந்த முனையில் வந்த கூச்சல் பக்கத்து மேசை வரைக்கும் கேட்டது.

இஷ்தியாக் அகமது கூப்பிட்டு விசாரித்தார். "என்ன ஆச்சு தானியேல்? அந்த ஜெர்மனி பில்டிங்ல ஏதோ தீயாமே?"

நல்ல வாய்ப்பு. தீ வைத்தது இவர் இல்லை. ஒரு வாக்கியத்தில் தப்பித்துவிடலாம். தானியேலின் நாக்கு நுனிவரை அது வந்தது. வாசலில் நின்றிருந்த ஆஃப்ரீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீப்பிடிச்சது நெஜம்தான் பாய். ஆனா அது படுத்தா அடுத்த எடத்துக்கு அனுப்பற மாதிரி வச்சிருக்கலாம். ஆஃப்ரீன் அன்னிக்கே கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

இஷ்தியாக் அகமது கேட்டார்: "இப்ப வச்சிட்டீங்களா?"

"வச்சிட்டேன். சீனிவாசன் சாருக்கும் ஒண்ணு சரி பண்ணணும். இப்பதான் தேடிப் பாத்தேன், அவரைப் பாவம் அமெரிக்காவுக்கு அனுப்பிட்டு இருக்கேன்."

"யா அல்லா," என்றார் பாய். "போய் மொதல்ல அவரை ராணிப்பேட்டைக்குக் கூட்டிட்டு வாங்க."

அன்றிலிருந்து அந்த ரெக்கார்டுகள் திருந்திவிட்டன. பக்கத்து இடத்தைத் தட்டிப் பார்க்கும். பதில் இல்லையென்றால் அடுத்ததற்கு அனுப்பும். சொன்ன பதிலைச் சில நிமிடங்களுக்கு மேல் யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லும். தானியேல் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? திருந்தினார். அதுதான் வீட்டில் பிரச்சினை. முன்பு வழி சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காத மனிதர், இப்போது வழி கேட்டவர்களை விடுவதே இல்லை. காட்பாடியில் ஒரு வயதான தம்பதி சித்தூர் பஸ் எங்கே என்று கேட்க, இவர் நிறுத்தம் வரை கூட்டிப்போய், பஸ் போகுமா என்று டிரைவரை விசாரித்து, சீட்டு பிடித்துக் கொடுத்து, அவர்கள் சௌகரியமாக உட்காருகிறார்களா என்று பார்க்க உள்ளே ஏறி நின்றபோது பஸ் கிளம்பிவிட்டது. பெயர்ப் பலகை இல்லாத ஏதோ ஒரு நிறுத்தத்தில் இறங்கி நின்றவருக்கு இவாஞ்சலினிடமிருந்து போன்.

"எங்க இருக்கீங்க? சோறு ஆறிப் போவுது."

தானியேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "தெரியல. இரு, யாரையாவது கேட்டுச் சொல்றேன்."

இவாஞ்சலின் போனைக் காதிலிருந்து எடுத்து, பேசியது தன் கணவர்தானா என்று நம்பரை ஒரு தடவை சரிபார்த்தாராம்.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள், சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். போன வாரம் ஒருவர் உங்களிடம் நல்ல பல் டாக்டர் யாராவது உண்டா என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு இதுவரை பல்வலியே வந்ததில்லை. நீங்கள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஒரு பேரைச் சொன்னீர்கள், தெருவைச் சொன்னீர்கள், 'நம்ம ஆளுதான், என் பேரைச் சொல்லுங்க, நல்லா பாப்பாரு' என்று தோளிலும் தட்டினீர்கள். அந்த மனிதர் வீங்கிய கன்னத்தோடு கிளம்பிப் போனார்.

அதற்கப்புறம் அவரை நீங்கள் பார்த்தீர்களா?